பியானோ இசை: கேட்டற்கும் பயிலுதற்கும் உரிய சில உருப்படிகள்

காஞ்சிமா நகரில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிற் செல்வோர் செவியில் தறியின் ஓசை விழும். திருவிழாக் காலத்தில் ஏகாம்பரநாதர் கோயில் வீதிகளில் நாகசுரத்தின் ஓசை விழும். இவ்விரண்டிற்கும் பழகிய நம் மாணவர் பலர், பியானோ என்றவுடன், "அஃது மேனாட்டார் கருவி; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று ஒதுங்குகின்றனர். இசைப்பயிற்சி மிக்க பெரியோருள்ளும், "கமகம் பிடிக்க இயலாத கருவியில் இசை ஏது?" என்று வினவுவார் உளர். முதற்கூற்று பிழையென்றும், இரண்டாங்கூற்று பாதி உண்மையே என்றும் காட்டி, தொடங்குவோர் கேட்டற்கும் வாசித்தற்கும் ஏற்ற சில உருப்படிகளை எடுத்துரைத்தலே எமது நோக்கமாகும்.

முதலிற் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஏறக்குறைய 1700-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்பார் இதனை ஆக்கினார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. கிறிஸ்தோபோரியோ, சிறு சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டித் திரும்பும்படி அமைத்தார். ஆதலின், விரல் மெல்லெனத் தொட்டால் மெல்லொலியும், வன்மையாய்த் தாக்கினால் வல்லொலியும் எழலாயின. 'பியானோ', 'போர்ட்டே' என்னும் இத்தாலியச் சொற்களுக்கு இவையே பொருள். இக்காலத்துப் பியானோவில் 52 வெண்கட்டைகளும் 36 கருங்கட்டைகளுமாக 88 கட்டைகள் உள. ஒரு ஸ்தாயிக்குரிய 12 கட்டைகள் நம் 12 ஸ்வரஸ்தானங்களை ஏறக்குறைய ஒத்தன. 'சி' என்னும் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டு வெண்கட்டைகளை மட்டும் வரிசையாக வாசிப்பின், 29-ஆவது மேளமாகிய தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும்.

சுத்தியல் தட்டி விலகியபின், எழுந்த ஸ்வரத்தை அசைக்கவோ வளைக்கவோ வாசிப்பவரால் இயலாது. ஆதலின் தோடியின் அசைவுகளைப் பியானோவில் தேடுவது வீண். அவ்வளவில் பெரியோர் கூற்று மெய்யே. ஆயினும், பல ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்கச்செய்து, அவற்றின் சேர்க்கையால் உணர்ச்சியை எழுப்பும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டு. நம்மூர்க் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம்; மூன்று நாடாக்கள் ஓடி அவற்றை ஒன்றாய்ப் பிணைக்கின்றன. பியானோவிலும் வலக்கை பெரும்பாலும் பாட்டைச் சொல்ல, இடக்கை அதற்குக் கரை கட்டுகின்றது. வலக்கையை மட்டும் கேட்போன், கரையை நோக்காது புடவையை விலை பேசுவோனை ஒப்பான்.

இவ்விசை நம்மவர்க்கு முற்றிலும் புதிதும் அன்று. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) இளமையிற் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அக்காலத்தில், அவர் குடும்பத்தை ஆதரித்த முதலியார் ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியத்தை அவர்கள் கேட்கும்படி செய்தார் என்பர். தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் பயின்று, அதனைக் கர்நாடக சங்கீதத்திற்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார். தமையனாரோ, தாம் கேட்ட மெட்டுக்களுக்கு வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவற்றுள் சுமார் 40 இன்று வழங்குகின்றன. யாவும் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்து, கமகமின்றி நேராகப் பாடப்படுவன. அவற்றுள் 'காஞ்சீசம் ஏகாம்பரம்' என்பது நம் நகரத்து ஏகாம்பரநாதரைப் போற்றுவது. அம்மூர்த்தியின்மீது 'சிந்தய மாகந்த' என்னும் பைரவி ராகக் கீர்த்தனையை இயற்றியவரும் அவரே. கமகம் செறிந்த பைரவியும், கமகமற்ற நோட்டும் ஒரே சாகித்திய கர்த்தரின் உள்ளத்தில் இடம்பெற்றன எனில், நம் செவியில் இரண்டிற்கும் இடமில்லை எனல் எவ்வாறு பொருந்தும்?

இந்த நோட்டுஸ்வரங்களே பியானோ இசைக்குள் நாம் நுழைதற்குரிய வாயில் என்பது எமது துணிபு. 'சியாமளே மீனாட்சி' என்னும் சாகித்தியத்தின் மெட்டு, 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் வழங்கிய ஒரு பாட்டினது. இன்று குழந்தைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடுவதும் அதுவே. அம்மெட்டைக்கொண்டு மோட்சார்ட் (1756–1791) இயற்றிய பன்னிரு மாற்றுருக்கள் 1785-இல் வியன்னாவில் அச்சாயின. முதலில் மெட்டு எளிமையாய் வரும். முதல் மாற்றுருவில் வலக்கை விரைந்தோடும். இரண்டாவதில் அவ்வோட்டம் இடக்கைக்குச் செல்லும். எட்டாவதில் காந்தாரம் குறைந்து சோகச்சாயல் படரும். பதினோராவது மிக மெதுவாய் நடக்க, பன்னிரண்டாவது மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் துள்ளி முடியும். நிரவலில் ஒரு வரியைப் பலவாறு விரித்தலைக் கேட்டுப் பழகியோர், இதனை எளிதிற் பின்பற்றலாம். மெட்டை மனத்துள் பாடிக்கொண்டே, அஃது எங்கு மறைந்துள்ளது எனத் தேடிக் கேட்டல் வேண்டும்.

'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டில் அமைந்தது. அதே மெட்டின்மீது பீத்தோவன் (1770–1827) 1803-இல் ஏழு மாற்றுருக்களை இயற்றினார். அரசவைக்குரிய அவ்வாழ்த்து, தீட்சிதரிடத்துத் தேவியின் துதியாகவும், பீத்தோவனிடத்து விளையாட்டும் மிடுக்கும் கலந்த பியானோ உருப்படியாகவும் ஆயிற்று. இருவரும் ஒரே காலத்தவர்; ஒருவரையொருவர் அறிந்தார் அல்லர்.

இனி, மெட்டென்று தனியே ஒன்றும் இன்றியும் இன்பம் பயக்கும் உருப்படி ஒன்றுண்டு. அது பாக் (1685–1750) என்பார் 1722-இல் தொகுத்த நூலின் முதற்கண் உள்ள சி மேஜர் பிரெலூட். அது பியானோ பரவுதற்கு முன்னைய கட்டைக் கருவிகளுக்கென எழுதப்பட்டதாயினும், இன்று பியானோவிலேயே பெரிதும் கேட்கப்படுகின்றது. 35 அளவுகளே உடைய இதில், ஒவ்வோரளவிலும் இடக்கை இரண்டு ஸ்வரங்களையும், வலக்கை மூன்று ஸ்வரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுப்பும். கடைசி மூன்றளவு ஒழிய, இவ்வொழுங்கு மாறாது. ஸ்வரங்களின் சேர்க்கையே மாறும். ஒரே மிதியில் ஓடும் தறியில் ஊடையின் நிறம் மாறமாற, பட்டின் தோற்றம் மாறுவது போன்றது இது. ஓராண்டு பயின்ற மாணவரும் இதனை முயலலாம்.

அதனினும் எளியன வேண்டுவோர்க்கு ஷூமான் (1810–1856) தம் மூத்த மகளை எண்ணித் தொடங்கி, 1848-இல் எழுதிய 'இளையோர் தொகுதி' உளது. அதில் உள்ள 43 சிறு உருப்படிகளுள் முதலாவதான 'மெலடி' ஒரு பக்கத்திற்குள் அடங்குவது. வாசிக்க இயலாதோரும் கேட்டு மகிழத்தக்கது, 1838-இல் அவர் எழுதிய 'டிராய்மெரை'. கனவு எனப் பொருள்படும் அதில் வேகமும் ஆரவாரமும் இல்லை; ஆயினும் அதனை நன்கு வாசிப்பது அரிது.

கொடுத்தலும் கொள்ளலும் ஒருவழிப்பட்டன அல்ல. 1912-இல் இந்தியாவிற்கு வந்த பிரெஞ்சு இசையாளர் மோரிஸ் டெலாஜ், கோயம்புத்தூர் தாயி அம்மையாரின் இசைத்தட்டைப் பின்பற்றி, குரலுக்கும் பியானோவிற்கும் 'ராகமாலிகா' என ஓர் உருப்படி அமைத்தார். அதிற் பியானோவின் உள்ளே தந்தியின் கீழ் அட்டைத்துண்டைச் செருகி, ஒரு ஸ்வரத்தின் ஒலியை மழுக்கும்படி விதித்தார். தமிழகத்துக் குரலொன்று பியானோவின் ஒலியையே மாற்றவைத்தது என்பது நாம் மறக்கத்தக்கதன்று.

பயிற்சியைப் பற்றிச் சில கூறி முடிப்போம். முதலில் ஒவ்வொரு கையையும் தனித்தனியே, மிக மெதுவாகப் பழகுதல் வேண்டும். அச்சிட்டுள்ள விரலெண்களை மாற்றுதல் கூடாது. தவறான விரல் ஒருமுறை பழகிவிட்டாற் பின்னர் அதனைத் திருத்துவது கடினம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வாசித்தலினும், நாள்தோறும் கால்மணி நேரம் வாசித்தல் நன்று. மின்சாரக் கீபோர்டு வாங்குவோர், விரலின் வன்மை மென்மைகளை உணரும் கட்டைகள் உடையதா எனக் கேட்டு வாங்குக. அஃதின்றேல் பியானோவின் பெயர்ப்பொருளே கிட்டாமற் போகும்.

பள்ளிகளிலும் ஆலயங்களிலும் சில பியானோக்கள் பூட்டிய மூடியோடு நிற்பதை யாம் கண்டுள்ளோம். பிள்ளைகள் தொட்டாற் கெடும் என்று அஞ்சிப் பூட்டி வைத்தவை, தொடுவாரின்றியே ஈரத்தாற் சுருதி கலைந்து, பூச்சியரித்துக் கெடுகின்றன. பூட்டிய மூடியைக் கண்டு வளரும் மாணவன், அஃது தன்னுடையதன்று என்றே எண்ணுவான். திறந்த மூடியின்முன் அவன் ஒருநாள் அமர்ந்து, ஒரே விரலாலேனும் 'சியாமளே மீனாட்சி' மெட்டை எழுப்புவானாயின், மோட்சார்ட்டின் முதற்பக்கத்தை அவன் அப்பொழுதே வாசிக்கத் தொடங்கியவனாவான். அதற்கு வேண்டிய திறவுகோல் நம் கைகளிலேயே உளது.