சிஸ்பிளாட்டின் மருந்தும் நிலைத்த சிறுநீரகப் பாதிப்பும்: வடசென்னைச் சூழலை முன்வைத்து

புற்றுநோய்க்கு வழங்கப்பெறும் வேதிமருந்துகளுள் சிஸ்பிளாட்டின் பழையது. எனினும் இன்றளவும் கைவிடப்படாதது. பிளாட்டினச் சேர்மங்கள் உயிரணுப் பிரிதலைத் தடுக்கும் என்பதைப் பார்னெட் ரோசன்பர்க் குழுவினர் 1965இல் வெளியிட்டனர். 1978இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. வாய், தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுகளுக்குக் கதிர்வீச்சுடன் இணைத்து இம்மருந்து ஏற்றப்படுகிறது.

இரத்தத்தின் பக்கமுள்ள கடத்திப்புரதம் இம்மருந்தைச் சிறுநீரக நுண்குழல் அணுக்களுக்குள் இழுத்துக்கொள்வதால், அங்கு அதன் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 5 மடங்காகிறது. அணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியா சிதைகிறது. ஒருமுறை இறந்த அணுக்களுக்கு ஈடாகப் புதிய அணுக்கள் வளரக்கூடும். சுற்றுக்குச் சுற்று பாதிப்பு தொடரும்போதோ நார்த்திசு படிந்து, வடிதிறன் மீளாமலே நின்றுவிடுகிறது. மக்னீசிய இழப்பு சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதுண்டு. மருந்தை நிறுத்தினால் நீங்கிவிடும் என்னும் எண்ணத்தைத் தரும் ‘பக்கவிளைவு’ என்ற சொல் இதற்குப் பொருந்துவதாக இல்லை.

இப்பாதிப்பைக் குறைக்கும் முதன்மை வழி நீரேற்றமே. மருத்துவமனையில் உப்புநீர் நரம்புவழி ஏற்றப்படுகிறது; அடுத்த சில நாள்கள் நோயாளி வீட்டில் மிகுதியாக நீர் அருந்தவேண்டும். கொடுங்கையூரிலிருந்து 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்திற்குச் செல்வோர் நகரின் வடபுறத்திலிருந்து தென்புறம்வரை பயணம் செய்தாகவேண்டும். திரும்பும் வழியில் குமட்டல், கோடை வெப்பம், வீட்டில் குடத்து அளவில் கிடைக்கும் நீர் ஆகியவை அறிவுரையைப் பொருளற்றதாக்கிவிடக் கூடும். உடல்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகக் குருதியோட்டத்தை மேலும் சுருக்குகின்றன.

கிரியாட்டினின் அளவீடும் ஏமாற்றவல்லது. அது தசையிலிருந்து உண்டாவது. விழுங்க இயலாமல் மெலிந்த தொண்டைப்புற்று நோயாளியிடம் தசை குறைவு. ஆகவே வடிதிறன் பாதியாகக் குறைந்த பின்னும் அளவு இயல்பானதாகவே தோன்றலாம். வயது, எடை, பால் ஆகியவற்றைக் கொண்டு வடிதிறனைக் கணிப்பதே தக்கது. மாற்றாக வழங்கப்பெறும் கார்போபிளாட்டினின் அளவு, 1989இல் வெளியான கால்வர்ட் வாய்பாட்டின்படி, வடிதிறனைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. எனினும் எல்லாப் புற்றுகளிலும் அது சிஸ்பிளாட்டினுக்கு நிகராகாது.

சிகிச்சை முடிந்தோர் பின்னாளில் சர்க்கரைநோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ ஸ்டான்லி மருத்துவமனையையோ அருகிலுள்ள நகர்ப்புற நலவாழ்வு மையத்தையோ நாடுவர். முன்பு ஏற்றப்பட்ட சிஸ்பிளாட்டினின் மொத்த அளவு அவர்களது குறிப்பேட்டில் இல்லையெனில், அங்குள்ள மருத்துவர் சிறுநீரகக் குறைபாட்டைச் சர்க்கரைநோயின் விளைவாகவே கொள்ள நேரும்.