உங்களுக்குத் தெரியுமா? கெர்னல் சொல்வது புரியட்டும்!

லினக்ஸ் கெர்னலுக்குள் சி மொழியின் வழக்கமான ‘பிரிண்ட்எஃப்’ கிடையாது; அங்கே செய்தி எழுத இருப்பது ‘பிரிண்ட்கே’. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 என்றால் கணினியை இனிப் பயன்படுத்த முடியாது. 7 என்றால் பிழை தேடும் நிரலருக்கு மட்டுமானது.

இந்தச் செய்திகளைப் படிக்க உதவும் ‘டிமெசேஜ்’ கட்டளை காட்டும் வரிகளின் முன்னால் சதுர அடைப்புக்குள் இருப்பது கடிகார நேரம் அல்ல. கணினி எழுந்து எத்தனை விநாடி ஆனது என்ற கணக்கு. தேதியும் நேரமுமாக மாற்றிக் காட்டச் சொல்லலாம். ஆனால் நடுவில் கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பியிருந்தால் அந்த நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

கெர்னல் நிரலை 80 எழுத்து அகலத்துக்குள் எழுத வேண்டும் என்பது பழைய மரபு. பிரிண்ட்கே செய்திக்கு விலக்கு உண்டு: வரி எவ்வளவு நீண்டாலும் செய்தியை இரண்டாக உடைக்கக் கூடாது. காரணம் எளிது. பிழை கண்டவர் அந்த வாசகத்தை அப்படியே ‘கிரெப்’ கொண்டு மூலநிரலில் தேடுவார். உடைத்து எழுதியிருந்தால் அகப்படாது. நிரலின் அழகைவிடத் தேடுகிறவரின் நேரம் பெரிது என்று கெர்னலின் நடைக் கையேட்டில் எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதே கையேடு செய்திகளில் எழுத்துப்பிழை வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறது.

சாதனம் ஒன்று பதில் தராவிட்டால் பல காலமாகக் கெர்னல் சொன்னது ‘-110’ என்ற எண்ணை மட்டுமே. அது நேரம் கடந்துவிட்டதைக் குறிக்கிறது என்று அறியத் தலைப்புக் கோப்பைப் புரட்ட வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பு இதற்கு வழி செய்தது: செய்தியில் ‘%பிஇ’ என்று எழுதினால் எண்ணுக்குப் பதில் ‘-ஈடைம்டுஅவுட்’ என்று பெயரே வரும். சில எழுத்து மாற்றம்தான், ஆனால் இத்தனை ஆண்டு தாமதித்திருக்க வேண்டியதில்லை.

எல்லாப் பிழைதேடல் செய்திகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் தேவையான வரி வெள்ளத்தில் போய்விடும். 2009-இல் சேர்ந்த ‘டைனமிக் டீபக்’ வசதி, கோப்பு, செயற்கூறு, வரி எண் என்று குறிப்பிட்டு வேண்டியதை மட்டும் திறக்கவும் மூடவும் விடுகிறது. கெர்னலை மறுபடி தொகுக்க வேண்டாம், கணினியை மறுபடி தொடங்கவும் வேண்டாம். சாதன இயக்கி எழுதுகிறவர்கள் முதல் நாளே கற்க வேண்டியது இது.

2.4 பதிப்புக் காலம் வரை கெர்னல் தடுமாறினால் திரையில் வந்தவை வெறும் பதினாறடிமான முகவரிகள். அவற்றைச் செயற்கூறுகளின் பெயராக்க ‘கேசிம்ஊப்ஸ்’ என்று தனி நிரல் தேவைப்பட்டது. 2.6 முதல் செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியலைக் கெர்னலே தன்னுள் வைத்துக்கொள்ள முடிகிறது.

படிக்க எளிதாக இருப்பது எப்போதும் நல்லதல்ல. நினைவக முகவரி அப்படியே பதிவானால் தாக்குபவருக்கு அது வழிகாட்டி. அதனால் 2018-இல் வந்த 4.15 முதல், ‘%பி’ என்று அச்சிடும் முகவரி உருமாற்றப்பட்டே வெளிவருகிறது.

கெர்னல் முழுவதுமாக நின்றுபோனால் பதிவை எடுத்துக்கொள்ள வழியின்றித் திரையைப் படம்பிடித்து, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் உண்டு. 2024 நவம்பரில் வெளியான 6.12, அந்தத் திரையிலேயே பதிவை கியூஆர் குறியாகக் காட்டும் வசதியோடு வந்தது. அந்தக் குறியை உருவாக்கும் பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது.