மவுஸ் நுனியில் மறுவுலகம்: கிஸா முதல் முக்கூர்த்தி வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ்தான். பல கேம்ஸில் ஒரு பாலைவனம் வரும். நடுவே பிரமிட், உள்ளே இறந்தோர் உலகை ஆளும் கடவுள், வாசலில் பூதங்கள். எல்லாம் கற்பனை. அந்தக் கற்பனைக்கு விதை போட்ட நிஜ இடத்தை உங்கள் மானிட்டரிலேயே பார்க்கலாம். இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இறந்தோர் உலகை ஆளும் கடவுள், அங்கே போகும் பாதை, கூம்பு வடிவக் கோயில் ஆகிய மூன்றும் நம் நீலகிரியிலும் இருக்கின்றன. இரண்டு இடங்களையும் சுற்றிப் பார்ப்போமா?

என்ன தேவை?

2005ல் அறிமுகமான கூகுள் எர்த் போதும். பிரவுசரிலேயே இயங்கும் பதிப்பு உண்டு. ஆனால் சூரிய வெளிச்சத்தை மாற்றிப் பார்க்க, 2015 முதல் இலவசமாகத் தரப்படும் கூகுள் எர்த் ப்ரோ பதிப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். இன்டர்நெட் இணைப்பு அவசியம்.

முதலில் எகிப்து

இடப்பக்கம் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 29.9792, 31.1342 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூமி சுழன்று கிஸாவில் உள்ள பெரிய பிரமிடின் மேல் நிற்கும். கட்டி முடித்தபோது இதன் உயரம் சுமார் 146 மீட்டர். வயது 4,500 ஆண்டுகளுக்கு மேல். ஷிப்ட் கீயை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் காட்சி சாய்ந்து, பக்கவாட்டில் தெரியும்.

இனி மவுஸ் வீலைச் சுழற்றி விலகி வாருங்கள். கிழக்கே பச்சைப் பட்டையாகத் தெரிவது நைல் நதிக் கரை. பிரமிட் இருப்பது மேற்குக் கரையில். சூரியன் மறையும் மேற்குதான் இறந்தோரின் திசை என்பது எகிப்தியர் நம்பிக்கை. மறுவுலகக் கடவுள் ஒசைரிசுக்கு ‘மேற்கில் இருப்போரின் தலைவர்’ என்ற பட்டமே உண்டு. ஆனால் கேம்ஸில் வருவதுபோல் பிரமிட் அவருடைய கோயில் அல்ல, மன்னரின் கல்லறை.

அடுத்து நம்ம ஊர்

தேடல் கட்டத்தில் முக்கூர்த்தி சிகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் கொடுங்கள். ஊட்டிக்கு மேற்கே, 2,554 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை இது. காட்சியைச் சாய்த்துப் பாருங்கள். கிழக்கே புல்வெளி, மேற்கே கேரளத்தின் நிலம்பூர் பக்கம் சரேலென்று இறங்கும் பள்ளம்.

நீலகிரியின் பழங்குடியினரான தோடர்களுக்கு மறுவுலகம் இந்த மேற்கில்தான். அதன் பெயர் அம்னோட்ர். அதில் உள்ள ‘நோட்ர்’ நம் ‘நாடு’ என்ற சொல்லின் உறவு. அதை ஆள்பவர் ஓன் என்னும் கடவுள். அவருடைய மகன் இறந்துபோக, பிரிவைத் தாங்காமல் அவரும் அங்கேயே போய்விட்டார் என்கிறது தோடர் கதை. இறந்தவர்களும் அவர்களுடன் எருமைகளும் முக்கூர்த்தியிலிருந்து மறுவுலகம் போவதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன.

1901-02ல் இங்கே தங்கி ஆய்வு செய்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1906ல் வெளியிட்ட நூலில் அந்தப் பாதையையும் எழுதி வைத்தார். வழியில் ஒரு கல் உண்டு. அதைத் தட்டியதும் இந்த உலகத்தின் மேல் உள்ள பாசம் போய்விடும். பிறகு ஒரு நதி, அதன் மேல் நூலால் ஆன பாலம். கெட்டவர்கள் தவறி விழுந்து அட்டைகளிடம் கடிபடுவார்கள். ஆனாலும் நிரந்தர நரகம் இல்லை, கடைசியில் அவர்களும் போய்ச் சேருவார்கள். எந்த கேம் டிசைனரும் பொறாமைப்படும் ‘லெவல்’கள் இவை! ரிவர்ஸ் நூலை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இப்போது டூல்பாரில் சூரியன் படத்தை கிளிக் செய்து, மேலே தோன்றும் ஸ்லைடரை மாலை நேரத்துக்கு இழுங்கள். கிழக்குச் சரிவு இருண்டபின்னும் மேற்குச் சரிவில் வெளிச்சம் நிற்கும். இங்கே இருட்டும்போது சூரியன் அம்னோட்ருக்கு ஒளி தரப் போகிறது என்ற நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்பது ஒரு நொடியில் புரியும்.

எர்த்தில் தெரியாதது

கூம்புக் கோயிலின் பெயர் ‘போ’. ஊட்டியை அடுத்த முத்தநாடு மந்தில் ஒன்று உள்ளது. புல் வேய்ந்த உயரமான கூம்பு, உச்சியில் ஒரு கல், குனிந்து நுழையும் சிறு வாசல், சுற்றிலும் கல் சுவர். இது கல்லறை அல்ல. புனித எருமைகளின் பாலைப் பூசாரி கையாளும் கோயில். சாட்டிலைட் படத்தில் சிறு புள்ளிக்கு மேல் தேறாது. அது குறையும் இல்லை. எகிப்தின் கல் நாலாயிரம் ஆண்டு தாங்கியது. இந்தப் புல்லைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய ஆட்கள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். அவர்களும், அந்தப் புல் வளரும் சோலைப்புல்வெளியும் இருந்தால்தான் கோயில் இருக்கும்.

கவனிக்க

முக்கூர்த்தி 1990 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி ஏற முடியாது. மந்துகளில் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். செல்போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம். விண்டோஸில் அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’ போய், ‘டீட்டெய்ல்ஸ்’ டேபின் அடியில் உள்ள லிங்க் வழியாக அதை நீக்கிவிட்டுப் பிறருக்கு அனுப்புங்கள். நாம் மேப்பில் குத்தும் ஒரு பின், ஒரு வழிபாட்டு இடத்தைப் பிக்னிக் ஸ்பாட் ஆக்கிவிடக் கூடாது அல்லவா?