மரச் சில்லில் முளைத்த காளான்: பறிக்கலாமா, கூடாதா?

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிற அம்மாக்கள் சுக்கு, ஓமம், பெருங்காயம், பிரசவ லேகியம் என்று ஒன்று விடாமல் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்கிறோம். நமக்கே தெரியாமல் ஊரிலிருந்து இன்னொன்றும் கூடவே வந்துவிடுகிறது. 'எனக்குக் காளான் பார்க்கத் தெரியும்' என்கிற தைரியம்தான் அது! கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எனக்கும் இருந்தது. அதனால்தான் இதைச் சகோதரிகளோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

நான் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரி. இரவில் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், விடிவதற்கு முன்பே எங்கள் அம்மாயி கூடையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். காட்டோரத்துக் கரையான் புற்றில் வெள்ளை வெளேரென்று குடை விரித்து நிற்கும். கையால் பிடுங்காமல் குச்சியால் நோண்டி எடுப்பார். தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். "இந்த வேரு இருந்தாத்தான் அது நம்ம காளான். இல்லாட்டி ஆகாது" என்பார்.

பள்ளிக்கூடம் போகாத அம்மாயி சொன்னதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். புற்றுக் காளான் கரையான்கள் தங்கள் உணவுக்காகப் புற்றுக்குள்ளே வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவது. புற்றை விட்டு வேறு எங்கும் அது முளைக்காது. ஆக, முளைத்த இடமே பாதி அடையாளம். புற்றுக்குள் இறங்கும் அந்த வேர் மீதிப் பாதி. அம்மாயி வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு காளானைத்தான் பறித்தார். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நியூ ஜெர்சியில், எடிசன் நகருக்குப் பக்கத்தில் என் மகள் குடியிருக்கும் பகுதியில், நிலைமையே வேறு. அங்கே மரத்தை வெட்டினால் கிளைகளைப் பெரிய மெஷினுக்குள் விட்டுச் சில்லுச் சில்லாக நறுக்கிவிடுகிறார்கள். தச்சுப்பட்டறைச் சிராய் மாதிரி மெல்லிசாக இருக்காது. விரல் நீளத்துக்குக் கட்டை கட்டையாக இருக்கும். அதைப் பூச்செடிப் பாத்திகளிலும் மரத்தடியிலும் நான்கைந்து அங்குலத்துக்குப் பரப்புகிறார்கள். களை முளைக்காது, மண் ஈரம் காயாது. குழந்தைகள் ஊஞ்சலாடும் இடத்திலும் இதையே கொட்டுகிறார்கள், விழுந்தால் அடிபடாமல் இருக்க.

மரமும் ஈரமும் நிழலும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கேட்க வேண்டுமா? சில்லுகளைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளை நூல் நூலாக ஓடியிருக்கும். மரத்தை மக்கச் செய்து சாப்பிடும் பூஞ்சை அதுதான். நாம் காளான் என்று பார்ப்பது, மழை பெய்தபின் அது வெளியே தள்ளும் பூவோ காயோ மாதிரி. மே மாதம் நான் போயிருந்தபோது இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் வீட்டைச் சுற்றி ஒரு கண்காட்சியே வந்துவிட்டது! குருவிக் கூட்டுக்குள் முட்டை வைத்தாற்போல் நகக்கண் அளவில் ஒன்று. கரண்டியில் எடுத்துக் கொட்டிய மஞ்சள் நுரை மாதிரி ஒன்று. இதற்கு அந்த ஊரில் 'நாய் வாந்தி' என்றே பெயர். பார்க்க அருவருப்பாக இருக்கிறதே தவிர, கெடுதல் இல்லையாம். இன்னொன்று பிணவாடை வீசி ஈயை அழைக்கும். மழையில் ஒரே நாளில் கறுப்பு மையாக உருகிப் போகிற காளானும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், கையகலக் குடையோடு, நன்றாகப் பழுத்த நாவல்பழத் தோல் நிறத்தில் தடித்த காளான்கள் பத்துப் பன்னிரண்டு.

மூன்று வயதுப் பேத்தி, "அம்மாயி, காளான்!" என்று ஓடினாள். மகள் கைக்குழந்தையோடு ஜன்னலிலிருந்து கத்தினாள். "அம்மா, அவளைப் பிடிங்க! வாயில வெச்சுடப் போறா!"

தொட்டால் ஒன்றும் ஆகாது. விஷக் காளானானாலும் வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து. ஆனால் தவழும் பிள்ளைக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் கைக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்? அதனால் மழைக்கு மறுநாள் விளையாட்டு இடத்தில் முளைத்திருப்பதையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டபிறகே பிள்ளைகளை விடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பூஞ்சை நூல் கீழேயே இருப்பதால் மறுபடி முளைக்கத்தான் செய்யும். மறுபடி பிடுங்க வேண்டியதுதான்.

அந்த நாவல்பழ நிறக் காளானை மட்டும் விட்டுப்போக எனக்கு மனசில்லை. பக்கத்து வீட்டில் போலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி இருக்கிறார். அவர்கள் ஊரிலும் காளான் பறிக்கக் குடும்பத்தோடு காட்டுக்குப் போவார்களாம். நம் அம்மாயிகளின் அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அவர் பேசியதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அந்தக் காளானுக்கு அங்கே 'ஒயின் கேப்' என்று பெயர். சாப்பிடக்கூடியது. காளான் விதை வாங்கி மரச் சில்லில் கலந்து வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறவர்களும் ஏராளம். ஆனால் அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார். குடை வயதானால் வெளிறி வைக்கோல் நிறமாகிவிடும்; ஆகவே நிறத்தை நம்பி இறங்கக்கூடாது. குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருப்பது இளசில் வெளிறிய சாம்பல், முற்றினால் கத்தரிப்பூவும் கறுப்பும் கலந்த நிறம். தண்டு வெள்ளை, நல்ல கனம். தண்டில் தடித்த வளையம் ஒன்று. மேற்புறம் வரிவரியாக, விளிம்பு பூனை நகம் மாதிரிப் பிளந்து பிளந்து இருக்கும். அடித்தண்டில் பை மாதிரி உறை இருக்கவே கூடாது. சில்லோடு ஒட்டிய வெள்ளை நூல்கள்தான் இருக்க வேண்டும்.

"இத்தனையும் சரி. இன்னும் ஒரு ராத்திரி பொறுக்கணும்" என்றார்.

காளானுக்கும் விதை மாதிரி ஒரு பொடி உண்டு. அதன் நிறத்தைப் பார்க்காமல் சமைக்கக் கூடாதாம். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை நறுக்கிவிட்டுக் குடையை, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு நிறத்திலும் படுமாறு வைத்து ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். காலையில் தூக்கிப் பார்த்தால் கோலம் போட்டாற்போல் பொடி விழுந்திருக்கும். வெள்ளைப் பொடி வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. எங்கள் காகிதத்தில் ஊதாவும் கறுப்பும் கலந்த கோலம். ஒயின் கேப்புக்கு அப்படித்தான் விழ வேண்டும். துருப்பிடித்த இரும்பு நிறத்திலோ வெள்ளையாகவோ விழுந்தால், யோசிக்காமல் குப்பைக்கு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். அதே மரச் சில்லில், சில சமயம் நல்ல காளானுக்கு ஒரு சாண் தள்ளி, 'கலெரினா' என்று ஒரு சின்னக் காளான் முளைக்கும். பழுப்புக் குடை, ஓரிரு அங்குலந்தான் அகலம், தண்டில் மெல்லிசாக ஒரு வளையம். பரம சாது மாதிரி நிற்கும். பொடி துரு நிறம். இங்கிலாந்தில் இதற்குச் சாவு மணி என்கிற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை நாமே பறித்துக் கூடையில் போட மாட்டோம். ஆனால் அவசரமாகக் கொத்தாக அள்ளும்போது ஒன்றிரண்டு கூடச் சேர்ந்து வரும். விதை வாங்கிப் போட்ட பாத்தியிலும் இது தானாக முளைக்கலாம். ஆகவே ஒவ்வொரு காளானையும் தனித்தனியே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

இதைவிடப் பெயர் போனது 'டெத் கேப்'. இது மரச் சில்லைத் தின்று வளர்வதில்லை. ஓக் போன்ற மரங்களின் வேரோடு உறவு வைத்து மண்ணிலிருந்து முளைப்பது. ஆனால் அந்த மரத்தடியில் சில்லு பரப்பியிருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்குச் சில்லுக் காளான் போலத்தான் இருக்கும். ஐரோப்பாவில் பிறந்து, மரக்கன்றுகளோடு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியது. ஆசியாவிலிருந்து போனவர்களை இது குறிவைத்து ஏமாற்றுகிறது என்றே சொல்லலாம். காரணம், நாம் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கும் அடியில் பை மாதிரி உறை உண்டு, இதற்கும் உண்டு. 'நம்ம ஊர்க் காளானேதான்' என்று பறித்துவிடுகிறார்கள். வைக்கோல் காளானின் பொடி இளஞ்சிவப்பு. இதன் பொடி வெள்ளை. வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது, இதற்கு உண்டு. 2011 டிசம்பர் 31-ம் தேதி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் புத்தாண்டு விருந்துக்கு இதைச் சமைத்துச் சாப்பிட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சமையலையே தொழிலாகக் கொண்டவர்! நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள்.

நம் வீடுகளில் வழங்கும் சோதனைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், எறும்பு மொய்த்தால் நல்லது, புழு தின்றிருந்தால் நல்லது. அத்தனையும் பொய். மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும் என்பதும் பொய். டெத் கேப், கலெரினா இரண்டிலும் இருப்பது ஒரே வகை விஷம். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. ருசியிலும் கசப்பு கிடையாது. டெத் கேப் பாதிக் காளான் போதும், பெரியவர் உயிருக்கே ஆபத்து.

அது வேலை செய்கிற விதம்தான் நெஞ்சைப் பதற வைக்கிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும், ஒன்றுமே தெரியாது. பிறகு வயிற்றுவலி, வாந்தி, தண்ணீராகப் பேதி. மறுநாள் கொஞ்சம் தேறினாற்போல் இருக்கும். 'ஏதோ அஜீரணம், சரியாகிவிட்டது' என்று நிம்மதியாக இருக்கும்போது உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மஞ்சள் காமாலையும் மயக்கமுமாக வெளியே வரும். ஆகவே சந்தேகமான காளானைச் சாப்பிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர் என்று கைவைத்தியமும் வேண்டாம். மிச்சமிருக்கும் காளானை, வெந்ததானாலும் வேகாததானாலும், காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாப்பிட்ட நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பவும் கூடாது. அமெரிக்காவில் 1-800-222-1222 என்கிற விஷ உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இலவசம். எங்கள் வீட்டில் ஃப்ரிஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். நம் ஊரில் 108 இருக்கிறது.

இன்னும் ஒன்று. காளான் நல்ல ஜாதியாக இருந்தாலும் முளைத்த சில்லு நல்லதாக இருக்க வேண்டும். காளான் மண்ணிலும் மரத்திலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். ரோட்டோரம், பெட்ரோல் பங்க் ஓரம், களைக்கொல்லி அடித்த பாத்தி, சாயம் ஏற்றிய சில்லு எதுவும் வேண்டாம். பழைய வேலி, பழைய மாடிப்படிக் கட்டைகளை நறுக்கிய சில்லு என்றால் கிட்டேயே போகாதீர்கள். அந்தக் காலத்து மரங்களில் கரையான் அரிக்காமல் இருக்க ஆர்சனிக் சேர்த்த மருந்து ஏற்றியிருப்பார்கள்.

எங்கள் காளான் எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகு சமைத்தேன். கால் கிலோ காளானை ஈரத் துணியால் துடைத்து நறுக்கிக்கொண்டேன். ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம், துளி சோம்பு இவற்றை வறுத்து, இரண்டு கரண்டித் தேங்காய்த் துருவலோடு கரகரப்பாக அரைத்துக்கொண்டேன். நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம் வதக்கி, காளானைப் போட்டு, மஞ்சள்தூள் உப்புச் சேர்த்து, அது விடும் தண்ணீரிலேயே கால்மணி நேரம் நன்றாக வேகவிட்டு, பிறகு மசாலா சேர்த்துச் சுருளக் கிளறினேன். கடைக் காளானிலும் இதையே செய்யலாம். நம் ஊரில் கிடைக்கும் பால் காளானில் இன்னும் ருசி.

"அம்மா, எனக்கும் ஒரு கரண்டி வைங்க" என்று மகள் தட்டை நீட்டினாள். பால் கொடுக்கிறவளுக்குக் காட்டுக் காளான் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பேத்திக்கும் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குக் கடைக் காளான் போதும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வைக்கட்டும். மாப்பிள்ளையும் நானும் முதல் நாள் ஆளுக்கு இரண்டு துண்டுதான் சாப்பிட்டோம். புதிதாகச் சாப்பிடும் எந்தக் காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒயின் கேப்பையே அடுத்தடுத்த நாள் தொடர்ந்து சாப்பிட்டால் வயிறு கெடுகிறவர்களும் உண்டு. சமைக்காத காளான் ஒன்றைத் தேதி எழுதிக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்தேன். ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட. நான்கு நாள் கழித்து அதை எடுத்துக் குப்பையில் போட்டேன்.