வரித் துலிப்பும் அதைக் காத்த சங்கமும்

குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் வேரூன்றிக் கிடந்து, வசந்தம் பிறந்ததும் பூத்து, கோடை முதிருமுன் இலை காய்ந்து மறுபடியும் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும் செடிகள் பல உள. வெங்காயத்தைப் போன்ற கிழங்கிலிருந்து முளைக்கும் துலிப் அவற்றுள் தலையாயது. மத்திய ஆசிய மலைச்சாரல்களிலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பா சென்ற இச்செடியின் கிழங்குகள் இன்று ஹாலந்து தேசத்திலிருந்து கோடிக்கணக்கில் உலகெங்கும் விற்பனையாகின்றன. அவற்றைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை. பணம் கொடுத்தால் கிடைக்கும். பணம் கொடுத்தாலும் கடையில் எளிதில் கிடைக்காத, பெரும்பாலும் ஒரு சங்கத்தின் அங்கத்தினர் தோட்டங்களிலேயே உயிர்வாழும் இங்கிலாந்து வரித் துலிப்பைப் பற்றியே நாம் கூற விரும்புகிறோம். மாதக்கணக்கில் மண் குளிர்ந்திருந்தாலன்றிப் பூக்காத செடியாதலால், நமது சமவெளிகளில் இது நிலைக்காது. எனினும் தறியோடும் கூட்டுறவோடும் இதற்குள்ள உறவு நம் அங்கத்தினர் அறியத்தக்கது.

வரி என்பது யாது? விதையிலிருந்து வளரும் துலிப் முதலில் ஒரே நிறமாகப் பூக்கிறது. இதழின் அடிநிறம் வெண்மை அல்லது மஞ்சள். அதன்மேல் சிவப்போ ஊதாவோ சாயம் ஏற்றியதுபோல் படிந்திருக்கும். இந்நிலையிலுள்ள பூவை ஆங்கிலேயர் ‘பிரீடர்’ என்பர். சில ஆண்டுகள் சென்றபின், ஏதோ ஒரு வசந்தத்தில், அதே கிழங்கு எவ்வித முன்னறிவிப்புமின்றி வரிவரியாகப் பூக்கும். மேற்சாயம் சில இடங்களில் நீங்கி அடிநிறம் வெளிப்படும். வேறு சில இடங்களில் முன்னிலும் அடர்ந்து நிற்கும். சுங்குடிச் சேலையில் நூலிட்டுக் கட்டிய இடம் சாயம் பிடிக்காமல் தெரிவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒருமுறை வரி விழுந்த கிழங்கு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் பக்கக் கிழங்குகளும் வரியோடே பூக்கும்.

1630-களில் ஹாலந்து மக்கள் இத்தகைய கிழங்குகளுக்காகப் பித்துப் பிடித்து அலைந்ததும், 1637 பிப்ரவரியில் விலை சரிந்து வியாபாரம் குலைந்ததும் சரித்திரம் அறிந்த செய்திகள். அக்காலத்தவர் மண்ணை மாற்றியும் வேறு பல உபாயங்கள் செய்தும் வரியை வரவழைக்க முயன்றனர். உண்மைக் காரணம் 1928-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் ஆராய்ந்த டாரதி கேலி என்னும் அம்மையார், வரிக் கிழங்கின் துண்டை ஒருநிறக் கிழங்கில் ஒட்டவைத்து, வரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதை நிரூபித்தார். அஃது ஒரு வைரஸ் நோய். அசுவினிப் பூச்சியால் பரவுவது. வாழையின் முடிக்கொத்து நோய் அசுவினியாலும் கன்றாலும் தொடர்வதைக் கண்ட நம் விவசாயிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேறுபாடு என்னவெனில், வாழையில் நாம் வெறுக்கும் நோயைத் துலிப்பில் அழகென்று போற்றினர். அந்த அழகுக்குச் செடி கொடுக்கும் விலையும் சிறிதன்று. நோயுற்ற கிழங்கு மெலிகிறது. பக்கக் கிழங்குகளைக் குறைவாகவே ஈனுகிறது. ஹாலந்து விவசாயிகள் தம் வயலில் வரி கண்ட செடியை உடனே பிடுங்கி அழிக்கின்றனர். ‘ரெம்பிராண்ட்’ என்ற பெயரில் இன்று விற்கப்படும் கோடிட்ட பூக்கள் நோயற்ற வேறு வகைகளே. பழைய வரித் துலிப் அல்ல.

ஆகவே இவ்வகை அருகிப்போனது இயல்பே. அழியாமல் நின்றதுதான் வியப்பு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் தொழில் ஊர்களில் தொழிலாளரும் கைவினைஞரும் பூச்சங்கங்கள் நடத்தினர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளர் வரியிட்ட ‘பிங்க்’ மலர்களையும், லங்காஷயர் கைத்தறி நெசவாளர் ‘ஆரிக்குலா’ மலர்களையும் வளர்த்துப் புகழ்பெற்றனர். வீட்டிலேயே தறி இருந்ததால், மழையோ வெயிலோ கடுத்தபோது இடையே எழுந்து சென்று செடியை மூட முடிந்தது என்பர். துலிப்புக்கென்று யார்க்ஷயரைச் சேர்ந்த வேக்ஃபீல்டில் 1836-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. கூட்டுறவின் தாயகமாக நாம் போற்றும் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்ததோ 1844-இல். முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்ததையும், இரண்டும் அண்டை மாவட்டங்களின் ஊர்கள் என்பதையும் கருதினால், தொழிலாளர் ஒன்றுகூடி விதி வகுத்து நடத்தும் பழக்கம் அரிசி மாவுக்கு முன்பே பூவிலும் பயின்றிருந்ததென்று கூறலாம்.

டெர்பி நகரில் டாம் ஸ்டோரர் என்ற ரயில்வே தொழிலாளி இருப்புப்பாதைக் கரைகளில் துலிப் வளர்த்தார். அவர் உண்டாக்கிய ஒரு வகைக்கு, துணி வெளுக்கும் ஆலை நடத்திய லங்காஷயர் அன்பர் சாம் பார்லோவின் பெயர் இடப்பட்டது. ‘சாம் பார்லோ’ இன்றும் கண்காட்சியில் வைக்கப்படுகிறது. ஆலைகள் பெருகி, நகரம் தோட்டங்களை விழுங்கியபின், சங்கங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தேசிய துலிப் சங்கமும் 1936-இல் முடிவுற்றது. வேக்ஃபீல்டு சங்கம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கத்தினர் தத்தம் பூக்களைப் பழைய பீர் புட்டிகளில் நிறுத்திக் காட்சிக்கு வைக்கின்றனர். இதற்குமேல் பூச்சாடி எதற்கு என்பது அவர்கள் எண்ணம் போலும்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. பூக்கள் மூன்று இனம். வெண்மைமேல் சிவப்பு ‘ரோஸ்’. வெண்மைமேல் ஊதா ‘பைப்ளோமன்’. மஞ்சள்மேல் சிவப்பு அல்லது பழுப்பு ‘பிசார்’. வரி இதழின் ஓரத்தில் மட்டும் மெல்லிய சேலைக்கரை போல் ஓடினால் ‘இறகு’ எனவும், கரையோடு நடுவிலும் ஒரு பட்டை எழுந்து கிளைவிட்டு ஓரத்தைத் தொட்டால் ‘தழல்’ எனவும் கொள்வர். பூ அரைக்கோளமாக இருத்தல் வேண்டும். யாவற்றினும் முக்கியம் இதழின் அடி. அது தூய வெண்மையாகவோ தூய மஞ்சளாகவோ இருக்கவேண்டும். அடியில் நீலமோ கறுப்போ கசிந்த பூ எவ்வளவு அழகாயினும் தள்ளுபடியே. இவ்விதி கடுமையானதுதான், ஆனால் சங்கம் தன் தரத்தை இத்தனை காலம் இழக்காததற்கு இதுவே காரணமென்பது நமது கருத்து.

கிழங்கைக் கையில் எடுத்தால் கெட்டியாகவும், உருவத்துக்கேற்ற கனத்தோடும் இருக்கவேண்டும். அழுத்தினால் குழைவதையும், பூஞ்சணம் பிடித்ததையும் நீக்கிவிடுக. சிறு பக்கக் கிழங்கு முதலாண்டு பூக்காது. ஓரிலை மட்டும் விடும். அதனால் அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. அரிய வகையில் அதுவே நாளைய கையிருப்பு. அங்கத்தினரிடம் மிஞ்சும் கிழங்குகள் சங்கத்தின் வழியே பிற அங்கத்தினருக்குப் பகிரப்படுகின்றன. ஒரே வகையைப் பல தோட்டங்களில் பரப்பி வைப்பதால், ஒரு தோட்டத்தில் அழுகலோ எலியோ புகுந்தாலும் அவ்வகை அடியோடு அழிந்துபோவதில்லை. ஒருவரே மறைத்து வைத்துக்கொண்ட வகைகள் அவரோடு மறைந்துபோகும்.

நடுவது நவம்பர் மாதத்தில். நீர் தேங்காத மண்ணில், பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில். சென்ற ஆண்டு துலிப் இருந்த பாத்தியில் மறுபடியும் நட்டால் இலைகளைக் கருக்கும் பூஞ்சண நோய் பற்றும். வரிக் கிழங்குகளை ஒருநிறக் கிழங்குகளுக்கும் லில்லிச் செடிகளுக்கும் எட்டத்தில் வைக்கவேண்டும். வைரஸ் லில்லியையும் தாக்கும். பூவைக் கத்தியால் அறுக்காமல் கையால் ஒடிப்பது நலம், கத்தியின் சாறு நோயைக் கடத்துமாதலால். பூ உதிர்ந்தபின் காயைக் கிள்ளிவிடலாம். இலையை மட்டும், அது தானே மஞ்சளாகும்வரை, தொடலாகாது. துலிப்பின் தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் கரைந்துபோய், அதனுள்ளேயே புதுக்கிழங்கு உருவாகிறது. இலை ஊட்டும் உணவே மறு ஆண்டின் முதல்.

விதையிட விரும்புவோர் பொறுமையுடையவராயிருத்தல் வேண்டும். விதை முளைத்து முதல் பூவைக் காண ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். விதையின் வழியே வைரஸ் வருவதில்லையாதலால் அப்பூ ஒருநிறப் பூவே. அதன் அடி தூய்மையாயிருந்தால் மட்டும் வைத்துக்கொண்டு வரிக்காகக் காத்திருக்கலாம். அது மறு ஆண்டே வரலாம்; வாழ்நாளில் வராமலும் போகலாம்.

ஜூன் முடிவில் கிழங்குகளைத் தோண்டி, நிழலில் காற்றாட உலர்த்தி, வகைக்கொரு பெட்டியில் பெயர்ச்சீட்டுடன் வைக்கவேண்டும். உரித்துவிட்டால் எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலவே தோன்றும். சீட்டு மாறிய கிழங்கு இன்னதென்று அடுத்த மே மாதம் பூக்கும்வரை எவராலும் கூற இயலாது.