பூனை அடிக்கடி முக்குகிறதா? உடனே கவனிங்க!

உங்கள் வீட்டுக் கடுவன் பூனை முற்றத்து ஓரமாகப் போய் உட்காருகிறது; முக்குகிறது. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் முக்குகிறது. 'மலச்சிக்கலா இருக்கும், கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்தா சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். முழுவதும் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும்.

புதுவயலில் அரிசி ஆலைகள் அதிகம். நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனையும் வேண்டும். ஆலையில் எலி பிடிக்கிற பூனையோ, வளவில் செல்லமாக வளர்கிற பூனையோ, கடுவனாக இருந்தால் இந்த ஆபத்து உண்டு.

ஏன் கடுவனுக்கு?

பெட்டைக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, அகலமும் அதிகம். கடுவனுக்கோ அது நீளம். நுனிக்கு வர வர மிகவும் குறுகும். மணல் போன்ற உப்புப் படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அங்கே தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். தேங்கிய சிறுநீரால் சிறுநீரகம் கெடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

* அடிக்கடி முக்கும். சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அல்லது வரவே வராது.
* சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கும்.
* சிறுநீர் கழிக்கும்போது கத்தும். அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும்.
* சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு படுத்துவிடும். இது முற்றிய நிலை.

சொட்டுகூட வரவில்லை என்றால் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது.

இதையெல்லாம் செய்யாதீங்க!

'உடம்பு சூடு' என்று இளநீர் கொடுப்பது நம் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அடைப்புள்ள பூனைக்கு அது ஆபத்து. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

காரைக்குடியில் உள்ள கால்நடை மருத்துவரிடம் முதலில் போனில் பேசி, 'பூனைக்கு டியூப் போடும் வசதி இருக்கா?' என்று கேளுங்கள். இல்லையென்றால் எங்கே போகலாம் என்று அவரே வழி சொல்வார். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, டியூப் வழியாக அடைப்பை நீக்கி, குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சரியான பிறகும் சில வாரங்கள் கண்காணிப்பு தேவை. திரும்பவும் அடைக்கிற வாய்ப்பு அதிகம்.

வராமல் தடுக்க...

பூனை பாலைவனப் பூனையின் வம்சம். தாகம் எடுத்தாலும் அதிகம் குடிக்காது. நம்ம ஊர் வெயிலில் சிறுநீர் இன்னும் கெட்டிப்படும். அதனால் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடையில் வாங்கும் உலர் உணவை மட்டுமே போடாமல், மீன் அவித்த தண்ணீரையும் ஊற்றிக் கொடுங்கள். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. கருவாடு வேண்டவே வேண்டாம்.

மனக்கலக்கமும் ஒரு காரணம். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் முற்றம் நிறைய ஆட்கள், மேளம், வெடி. பூனை பயந்து பரணில் ஒளிந்து, சிறுநீரை அடக்கிக்கொண்டே கிடக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் தண்ணீரும் மணல் தட்டும் வைத்து, விசேஷம் முடியும் வரை அங்கேயே விடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்கட்டும்.

தினமும் மணலை அள்ளும்போது அது நனைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஜீவனுக்காக நாம்தான் பார்க்க வேண்டும்.