கடுவனா, பெட்டையா?

பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது என்றால் முதலில் எழும் கேள்வி, "கடுவனா, பெட்டையா?" என்பதுதான். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: கடுவனே நல்லது, பெட்டை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கடுவன் குட்டிகளை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கிறது. பெட்டைகளில் பல, சந்தை ஓரத்திலோ கண்மாய்க் கரையிலோ கொண்டுபோய் விடப்படுகின்றன. இந்த விடை சரிதானா என்று பார்ப்போம். (சங்க நூல்களில் கடுவன் என்பது ஆண் குரங்கு. அது எவ்வாறு பூனைக்கு வந்தது என்பதை உங்கள் தமிழாசிரியரிடம் கேளுங்கள். நான் இயற்பியல் ஆசிரியன்.)

முதலில், குட்டி எது என்று அறிய வேண்டும். வாலை மெல்ல உயர்த்திப் பாருங்கள். மலத்துவாரத்துக்குக் கீழே மற்றொரு துவாரம் தெரியும். பெட்டையில் இரண்டும் நெருக்கமாக இருக்கும். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு சிறு கோடு. கடுவனில் இடைவெளி அதிகம். இரண்டும் புள்ளிகளாக, முக்காற்புள்ளி போலத் தோன்றும்.

சில குட்டிகளுக்கு வாலைத் தூக்கவே வேண்டியதில்லை. உடம்பில் கறுப்புத் திட்டும் செம்மஞ்சள் திட்டும் சேர்ந்திருந்தால் அது பெட்டைதான் என்று பந்தயமே கட்டலாம். இது எப்படி?

பெட்டைப் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கின்றன. கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். செம்மஞ்சள் நிறத்தைத் தரும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருக்கிறது. கடுவனிடம் இருப்பதோ ஒரே எக்ஸ். எனவே அது செம்மஞ்சளாக இருக்கும், அல்லது இராது. பெட்டைக்கு ஒரு எக்ஸில் செம்மஞ்சளும் மற்றதில் கறுப்பும் அமையலாம். சரி, அப்படியானால் இரு நிறமும் கலந்து ஒரே பழுப்பாக அல்லவா ஆக வேண்டும்? ஏன் திட்டுத்திட்டாக இருக்கிறது?

இதற்கான முதல் தடயம் பூனையிடமே கிடைத்தது. 1949ஆம் ஆண்டு, கனடாவில் லண்டன் என்னும் நகரில், மர்ரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ரமும் பூனைகளின் நரம்புச் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் தேடியது வேறு. நரம்பு அதிகமாக வேலை செய்தால் செல்லில் என்ன மாறுகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. ஆனால் சில பூனைகளின் செல்களில் மட்டும் கருவுக்குள் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, புள்ளி இருந்தவை பெட்டைகள், இல்லாதவை கடுவன்கள்! அந்தப் புள்ளி என்ன என்பது பின்னர் விளங்கியது. சுருண்டு வேலையை நிறுத்திக்கொண்ட ஒரு எக்ஸ் குரோமோசோமே அது. 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன், சுண்டெலிகளின் நிறத்தைக் கொண்டு இதை விளக்கினார். கரு வளரும் தொடக்க நாட்களில் ஒவ்வொரு செல்லும் தன் இரு எக்ஸ்களில் ஒன்றை, நாணயம் சுண்டியது போல, மூடிவிடுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் யாவும் அதே எக்ஸையே மூடி வைக்கின்றன. ஒரு வாரிசுக் கூட்டம் கறுப்புத் திட்டு, இன்னொன்று செம்மஞ்சள் திட்டு. (வெள்ளைத் திட்டுக்குக் காரணம் வேறொரு குரோமோசோமில் உள்ள ஜீன்.)

செம்மஞ்சள் ஜீன் எது என்பது மட்டும் வெகு காலம் பிடிபடவில்லை. 2025இல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, ஜப்பானின் கியூஷூ ஆகிய பல்கலைக்கழகங்களின் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்து வெளியிட்டன. ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்னும் ஜீனுக்குள் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 5,000 எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன.

முழுச் செம்மஞ்சள் பூனைகளில் கடுவன்களே மிகுதி. அதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் ஐந்து எக்ஸ்களில் ஒன்று செம்மஞ்சள் என்று கொள்வோம். கடுவன்களில் 100க்கு 20 செம்மஞ்சளாகும். பெட்டைக்கு இரண்டு எக்ஸும் அப்படி அமைய வேண்டுமே? ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்க, 100க்கு 4 மட்டுமே.

நிறம் இருக்கட்டும், குணத்துக்கு வருவோம். குட்டிப் பருவத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் கடுவனின் விதைகள் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதன் வேலையை நம் ஊர்ப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் சீறி வரும் காளையின் திமிலையும் கழுத்தையும், வண்டியில் பூட்டிய காயடித்த மாட்டின் திமிலையும் கழுத்தையும் ஒப்பிடுங்கள். கடுவனுக்கும் அப்படியே கன்னம் புடைக்கிறது, கழுத்துத் தடிக்கிறது. தெருத்தெருவாகச் சுற்றுகிறது, சண்டையிட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கதவிலும் துணிக்கூடையிலும் சிறுநீரைப் பீய்ச்சுகிறது. அந்த நாற்றத்துக்குக் காரணம் ஃபெலினின் என்னும் கந்தகம் கொண்ட பொருள். அதைக் கடுவன் பெட்டையைவிட மிக அதிகமாக உண்டாக்குகிறது. கடுவனே நல்லது என்பவர்கள் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெட்டையின் கதை சூரியனோடு தொடர்புடையது. பூனை நீண்ட பகல் காலத்தில் இனம்பெருக்கும் விலங்கு. இங்கிலாந்தின் லண்டனில் கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல்; குளிர்காலத்திலோ 8 மணிக்கும் குறைவு. அங்கே பெட்டைக்குச் சில மாதம் ஓய்வு கிடைக்கிறது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணிக்குச் சற்றே அதிகம். ஆகவே நம் ஊர்ப் பெட்டைகள் ஆண்டில் எந்த மாதமும் குட்டி போடலாம். சினைக்காலம் சுமார் 64 நாள். நான்கைந்து மாதக் குட்டியே சினையாகிவிடக் கூடும்.

ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு 4 குட்டி, பாதி பெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டை ஓர் ஆண்டில் 5 பெட்டைகளாகும். இரண்டாம் ஆண்டு 25, மூன்றாம் ஆண்டு 125. கடுவன்களைச் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் மதுரைத் தெருக்கள் பூனைகளால் நிரம்பி வழியவில்லையே? சூத்திரம் தரும் எண்ணுக்கும் தெருவில் காணும் எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம், செத்துப்போன குட்டிகள். பசி, நாய், லாரிச் சக்கரம், நோய் என்று பெரும்பாலானவை வளருமுன்பே போய்விடுகின்றன.

இதைத் தடுக்கக் கடுவனைத் தேர்ந்தெடுப்பது உதவாது. ஒரு தெருவில் பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குக் காயடித்தாலும் பத்தாவது ஒன்றே போதும். குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. பத்துப் பெட்டைகளில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது பங்கு நேராகக் குறைகிறது. ஆகவே என்னைக் கேட்டால், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கும் பெட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள், நான்கைந்து மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள் என்பேன். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இந்த அறுவையில் கருப்பையும் சினைப்பைகளும் நீக்கப்படுகின்றன. இளமையிலேயே செய்தால் பிற்காலத்தில் மடிக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. மதுரையில் தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது; அங்கே விசாரிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி இருபாலுக்கும் மூன்று மாதத்தில் தேவை. வீட்டில் ஏற்கெனவே கடுவன்தான் இருக்கிறது என்றால் அதற்கும் அறுவை செய்யுங்கள். அது சிறிய அறுவை. பீய்ச்சுவதும் சுற்றுவதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறுவைக்குப் பின் இருபாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பூனை மடியில் வந்து உட்காருமா என்பதைப் பால் தீர்மானிப்பதில்லை. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை அது மனிதர் கைப்பட்டு வளர்ந்ததா என்று குட்டி கொடுப்பவரிடம் கேளுங்கள்.

அறுவையாலும் மாறாத வேறுபாடு ஒன்று உண்டு. கடுவனின் சிறுநீர்க்குழாய் நீண்டது, நுனியில் மிகக் குறுகலானது. பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்தவை. தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி அதிகம். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உலர்தீனி மட்டும் தின்னும் கடுவனுக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளக் கூடும். மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திராதீர்கள்; ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பெட்டையின் குழாய் குட்டையானது, அகலமானது; அதற்கு இந்த அடைப்பு மிக அரிது.